58 லட்சம் கேட்கும் பழைய ஆடி க்யூ7: எவ்வளவு கொடுக்கலாம்?

கேள்வி: கோவையில் சொந்தத் தொழில் செய்கிறேன். பெற்றோர், மனைவி, 2 பிள்ளைகளுடன் அடிக்கடி வெளியூர் போவதால் 7 பேர் அமரும் எஸ்.யூ.வி. தேடுகிறேன். சென்னைப் பதிவில், 2022 ஜூன் மாத ஆடி க்யூ7 பெட்ரோல் (பிரீமியம் பிளஸ்) ஒன்று வந்திருக்கிறது. மூன்றரை வயது, ஒரே உரிமையாளர், 52,000 கி.மீ. ஓடியது. ‘ஆன்-ரோடு 97 லட்சம் ஆன வண்டி, 40% குறைத்து 58 லட்சத்துக்குத் தருகிறோம்’ என்கிறார் டீலர். கையில் 25 லட்சம் இருக்கிறது, மீதிக்குக் கடன். விலை நியாயம்தானா?

பதில்: இல்லை. எல்லாம் சுத்தமாக இருந்தாலும் 50 லட்சத்துக்கு மேல் போகாதீர்கள்.

முதலில் அந்த 97 லட்சத்தை மறந்துவிடுங்கள். 2022 பிப்ரவரியில் இந்த மாடல் 79.99 லட்சம் எக்ஸ்-ஷோரூம் விலையில் அறிமுகமானது. அதற்கு மேல் இருப்பது ஆயுள் வரி, காப்பீடு போன்ற செலவுகள். முதல் உரிமையாளர் கட்டிய காப்பீடு அவரோடு தீர்ந்தது. ஆயுள் வரியால் மட்டும் உங்களுக்குப் பயன் உண்டு. தமிழ்நாட்டுப் பதிவு என்பதால் மறுபடி கட்ட வேண்டாம். புதுச்சேரி, கர்நாடகப் பதிவு வண்டி சில லட்சம் மலிவாகக் கிடைப்பதன் காரணமும் இதுதான். என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி இங்கே மறுபதிவு செய்யும்போது, வயதுக்கேற்ற ஆயுள் வரி அந்த லாபத்தை விழுங்கிவிடும்.

கணக்கைத் தொடங்க வேண்டிய இடம் புது வண்டியின் விலை. 2025 செப்டம்பர் 22-க்கு முன் இந்த வகை வண்டிக்கு ஜி.எஸ்.டி. 28%, செஸ் 22% என மொத்தம் 50% வரி. அதன் பின் 40%. அப்போது க்யூ7-இன் தொடக்க விலை சுமார் 92 லட்சத்திலிருந்து 86 லட்சத்துக்கு இறங்கியது. புதியது 6 லட்சம் இறங்கினால் பழையதும் இறங்கியாக வேண்டும். பழைய விலையில் வாங்கிப் போட்ட டீலர் இறக்கத் தயங்குவார். அவருடைய நஷ்டத்தை நீங்கள் சுமக்கத் தேவையில்லை. 2024 நவம்பரில் தோற்றம் மாறிய க்யூ7 வந்துவிட்டதையும் பேரத்தில் சொல்லுங்கள்.

அடுத்து ஐ.டி.வி., அதாவது காப்பீட்டில் குறிக்கும் வண்டி மதிப்பு. 3 முதல் 4 வயது வண்டிக்கு 40% தேய்மானம் கழிப்பது வழக்கம். 86 லட்சத்தில் 40% போனால் 51.6 லட்சம். 4 வயது முடிந்ததும் கழிவு 50% ஆகும். சந்தை விலையும் ஐ.டி.வி.யும் ஒன்றல்ல என்று டீலர் சொல்வார், உண்மைதான். ஆனால் வண்டி திருடு போனாலோ முழுச் சேதமானாலோ கைக்கு வருவது ஐ.டி.வி. மட்டுமே. 58 லட்சம் கொடுத்தால், முதல் நாளிலிருந்தே 6 லட்சத்துக்கு மேல் பாதுகாப்பில்லாமல் நிற்கும்.

இணையத்தில் பார்ப்பதெல்லாம் கேட்கும் விலை. பழைய கார் வாங்கும் நிறுவனங்கள் இரண்டு மூன்றில், இதே ஆண்டு, இதே கிலோமீட்டர் வண்டியை விற்றால் என்ன கொடுப்பார்கள் என்று விசாரியுங்கள். அந்தத் தொகைக்கும் டீலர் கேட்பதற்கும் நடுவில்தான் உண்மை விலை இருக்கும். ‘ஜி.எஸ்.டி. தனி’ என்று முழு விலைக்கும் 18% கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். டீலரின் லாபத்துக்கு மட்டுமே அந்த வரி. 46-க்கு வாங்கி 50-க்கு விற்றால் 4 லட்சத்துக்கு 72,000 ரூபாய்.

எனக்குப் பெரிய கவலை வெள்ளம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது இந்த வண்டி சென்னையில் நின்றிருக்கக்கூடும். காப்பீட்டுப் பத்திரத்தில் நோ க்ளெய்ம் போனஸை, அதாவது இழப்பீடு கேட்காததற்காகப் பிரீமியத்தில் தரும் கழிவைப் பாருங்கள். இழப்பீடே கேட்காத வண்டிக்கு அது 20, 25, 35 என ஏறி, 2025 ஜூனில் புதுப்பித்த பத்திரத்தில் 35% இருக்க வேண்டும். 20% மட்டும் இருந்தால், 2023 ஜூனுக்கும் 2024 ஜூனுக்கும் இடையில் க்ளெய்ம் நடந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். போனஸைக் காக்கும் கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால் இந்தச் சோதனை பொய்த்துப்போகும். ஆகவே பழைய பத்திரங்களையும் க்ளெய்ம் விவரத்தையும் கேட்டு வாங்குங்கள். சீட் பெல்ட்டை முழுதும் இழுத்து அடியில் சேற்றுக் கறை தெரிகிறதா, சீட் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, கார்பெட்டுக்கு அடியில் ஈர வாடை வருகிறதா பாருங்கள். நனைந்த மின்னணுப் பெட்டிகளும் இணைப்புகளும் உடனே கெடாது. உள்ளே மெல்ல அரித்து, மாதங்கள் கழித்து ஒவ்வொன்றாகப் பழுதாகும். வெள்ளத்தில் நின்றது உறுதியானால் எந்த விலைக்கும் வேண்டாம்.

அடுத்தது ஏர் சஸ்பென்ஷன், அதாவது காற்றடைத்த பைகளால் வண்டியைத் தாங்கும் அமைப்பு. இரவு சமதளத்தில் நிறுத்திவிட்டுக் காலையில், ஸ்டார்ட் செய்யும் முன், நான்கு சக்கரங்களுக்கும் மேலே உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். ஒரு மூலை இறங்கியிருந்தால் காற்று கசிகிறது. அப்படியே ஓட்டினால் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி அதுவும் கெடும். வாரண்டி முடிந்த வண்டியில் இது லட்சங்களில் முடியும் வேலை. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் முழுப் பரிசோதனை செய்து, சேஸிஸ் எண்ணை வைத்து சர்வீஸ் வரலாற்றில் கிலோமீட்டர் ஒழுங்காக ஏறியிருக்கிறதா பாருங்கள். டயர், பிரேக், கியர்பாக்ஸ் ஆயில் எதற்குச் செலவு காத்திருந்தாலும் எழுத்தில் மதிப்பீடு வாங்கி விலையில் கழியுங்கள். முந்தையவரின் போனஸ் உங்களுக்கு வராது என்பதால் காப்பீட்டுக்கும் தனியாக எடுத்துவையுங்கள்.

46-இல் பேச்சைத் தொடங்குங்கள், 50 உச்சவரம்பு. 58 கொடுத்தால் 33 லட்சம் கடன் வேண்டும்: 12% வட்டி, 5 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 73,400, வட்டி மட்டும் 11 லட்சம். 50-க்கு முடித்தால் தவணை 55,600 ஆகிறது. இதற்கு மேல் பெட்ரோல்: 3 லிட்டர் வி6 எஞ்சின், ஊருக்குள் லிட்டருக்கு 7 கி.மீ. என்று வைத்தால் மாதம் 1,000 கி.மீ.க்கு 14,000 ரூபாய்க்கு மேல். இரண்டும் சேர்ந்து உங்கள் மாத வருமானத்தில் கால் பங்கைத் தாண்டினால் இந்த வண்டி இப்போது வேண்டாம்.

டோக்கன் அட்வான்ஸ் ரசீதில், ‘பரிசோதனையில் விபத்து, வெள்ளச் சேதம், கிலோமீட்டர் திருத்தம் தெரிந்தால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்’ என்று எழுதி வாங்குங்கள். ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவு இருந்தால், வங்கியின் என்.ஓ.சி.யும், அந்தப் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-ம் வரும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.