கொங்குப் பேச்சில் எழுதக் கூச்சப்படாதீங்க தம்பி

கோபிசெட்டிபாளையம் பக்கம் அப்புச்சி (அம்மாவின் அப்பா) தோட்டத்தில் மஞ்சள் வேகவைத்த நாட்களைக் கதையாக்க உட்கார்ந்தால் மூணு வரியில் அழித்துவிடுகிறேன், சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ, நம்ம பேச்சைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

பேச்சைப் பற்றிய பயம் வேண்டவே வேண்டாம். ஆர். சண்முகசுந்தரம் 1942-லேயே 'நாகம்மாள்' நாவலில் நம்மூர்க் குடியானவர்களை அவர்கள் பேசுகிற மாதிரியே பேசவிட்டார், அதை இன்றைக்கும் தேடிப் படிக்கிறார்கள்.

சொந்தக்காரர் விஷயம்தான் கஷ்டம். நானும் ஒரு பங்காளிச் சண்டையை எழுத ஆரம்பித்து ரெண்டு வருஷம் கிடப்பில் போட்டிருந்தேன், யாருக்கும் காட்டப்போவதில்லை என்று முடிவு செய்து ஒரு பழைய நோட்டில் பென்சிலால் எழுதின பிறகுதான் கை ஓடியது. போனில் எழுதினால் விரல் அழிக்கிற பக்கமே போகும். பெயரும் ஊரும் உள்ளபடியே இருக்கட்டும், மாற்றுவதை ரெண்டாவது தடவை பார்த்துக்கலாம்.

அப்புறம், கதையை ஆரம்பத்திலிருந்து தொடங்காதீங்க. மஞ்சள் வேகிற கொப்பரை மேல் மூடியிருந்த ஈரச்சாக்கு, அதை விலக்கினதும் முகத்தில் அடித்த ஆவி, கிழங்கில் குச்சியைக் குத்தி வெந்துவிட்டதா என்று அப்புச்சி பார்த்தது என்று போகிற போக்கில் சொன்னீர்களே, எனக்கு அந்த வாசனையே வந்துவிட்டது! இன்று ராத்திரி அதை மட்டும் பத்து வரி எழுதுங்க. முடித்ததும் நம்பிக்கையான ஒரே ஒருவரிடம் காட்டுங்க, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இப்போதைக்குப் போட வேண்டாம். அப்படி யாரும் இல்லையென்றால் எனக்கு அனுப்புங்க, நிதானமாகப் படித்துச் சொல்கிறேன்.