துளிப் பெயிண்ட் இல்லாதவன்

வணக்கம் சார்,

பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பிஸ்கட் டப்பா நிறைய என் ஜி.ஐ. ஜோ சிப்பாய் பொம்மைகள் கிடைத்தன. தொண்ணூறுகளில் அப்பா வாங்கித் தந்த ஃபன்ஸ்கூல் பொம்மைகள். அமெரிக்கப் பொம்மைகளின் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பல ஆட்களின் சட்டை நிறமே வேறு. நமக்கு வந்ததெல்லாம் டூப்ளிகேட்தானா? ஒரே ஆளை ஏன் நிறம் மாற்றி மாற்றி விட்டார்கள்?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

டூப்ளிகேட் இல்லை. ஃபன்ஸ்கூல், எம்.ஆர்.எஃப்.பும் ஜி.ஐ. ஜோவைச் செய்த அமெரிக்கக் கம்பெனி ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987-இல் ஆரம்பித்த சென்னைக் கம்பெனி. ஹாஸ்ப்ரோவின் அசல் அச்சுகளே இங்கு வந்தன, பெரும்பாலும் நிறம்தான் மாறியது. உங்களுக்குப் போலியாகத் தெரியும் அந்த நிறத்துக்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் ஃபன்ஸ்கூல் பொம்மைகளைத் தேடுகிறார்கள். டப்பாவைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

நிறம் மாற்றுவதை நாம் கண்டுபிடிக்கவில்லை. பொம்மையில் காசைத் தின்பது பிளாஸ்டிக் அல்ல, எஃகு அச்சு. வெட்டிய அச்சிலிருந்து எத்தனை பேரை இறக்கலாம் என்பதில்தான் ஒரு வரிசையின் திட்டமே தொடங்குகிறது. 1964-இல் ஜி.ஐ. ஜோ ஓரடி உயரம். ஸ்டார் வார்ஸ் பொம்மைகள் மூன்றே முக்கால் அங்குலத்தில் சக்கைப்போடு போட்டதைப் பார்த்து, 1982-இல் ஹாஸ்ப்ரோவும் அந்த அளவுக்கு இறங்கியது. ஆள் சிறுத்தால்தான் ஜீப்பும் டாங்கியும் கட்டுப்படியாகும். 1985-இல் வந்த விமானந்தாங்கிக் கப்பல் இந்தச் சின்ன ஆட்களுக்கே ஏழரை அடி நீளம்! ஓரடி ஆளுக்கென்றால் வீட்டுச் சுவரை இடித்துத்தான் உள்ளே கொண்டுபோயிருக்க வேண்டும்.

1982-இன் முதல் செட்டை உற்றுப் பாருங்கள். ஒரே தாடிக்கார முகம், ஒருவனுக்குப் பொன்னிறத் தாடி, இன்னொருவனுக்குப் பழுப்பு. அப்படியும் பெயிண்ட் செலவு கையைக் கடித்தது. ஒருவனை மட்டும் முழுக்கக் கறுப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்துத் துளிப் பெயிண்ட் இல்லாமல் அனுப்பினார்கள். முகமூடி இருந்ததால் கண், புருவம் வரையும் வேலையும் மிச்சம். அவன்தான் ஸ்னேக் ஐஸ். இந்தப் பொம்மைகளை வைத்து வந்த மார்வெல் காமிக்ஸில் லாரி ஹாமா அவனைப் பேச முடியாதவனாக, முகம் சிதைந்தவனாக எழுதினார். சிக்கனத்துக்குப் பிறந்தவன் மொத்த வரிசைக்கும் செல்லப்பிள்ளையாகிவிட்டான். எனக்கும் அவன்தான்.

எதிரிப்படை கூட முதல் திட்டத்தில் கிடையாது. சண்டை போட ஆள் வேண்டாமா என்று மார்வெல்காரர்கள் கேட்டதில் பிறந்தது கோப்ரா. அதிலும் லாபம் பார்த்தார்கள்: நாயகனை ஒரு பையன் ஒருமுறைதான் வாங்குவான், முகம் மூடிய பெயரில்லாத சிப்பாயை எத்தனை முறை வேண்டுமானாலும் வாங்கலாம். அப்புறம் 1988-இல் பழைய ஆட்களுக்கே புலிவரி அடித்து 'டைகர் ஃபோர்ஸ்' என்று விற்றது ஹாஸ்ப்ரோவேதான். ஆக, சட்டை மாற்றும் வேலையில் அமெரிக்கா நமக்கு அண்ணன்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இந்நேரம் இடுப்பு தொங்கிப்போயிருக்கும். உள்ளே காலையும் மேலுடம்பையும் பிடித்திருப்பது ஒரு சின்ன ரப்பர் வளையம், இத்தனை வருடத்தில் அது இற்றுப்போகும். முதுகில் ஒரே ஒரு ஸ்குரூ இருக்கும், மெதுவாகக் கழற்றுங்கள். பைப் சாமான் கடையில் அதே அளவில் ஓ-ரிங் கேட்டுப் பாருங்கள். துப்பாக்கியைக் கையில் திணிக்கும்போது மட்டும் ஜாக்கிரதை, முதலில் உடைவது கட்டைவிரல்தான்.