பழைய கடல் படகை ஏரியில் விடப் போகிறேன், அடிப்பாகத்துக்கு எந்த பெயின்ட் அடிக்கலாம்?

எண்ணூரில் பழைய பைபர் படகு ஒன்றை வாங்கி, மீஞ்சூர் பக்கம் குத்தகைக்கு எடுத்த ஏரியில் விடப் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அடியைச் சுரண்டிவிட்டுக் கடல் படகுக்கு அடிக்கும் சிவப்பு பெயின்ட்டையே அடிக்கலாமா என்பது உங்கள் கேள்வி. காசிமேட்டில் பைபர் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அடிக்காதீர்கள். காசும் வீண், ஏரிக்கும் கேடு.

அந்த பெயின்ட்டில் இருப்பது தாமிர ஆக்சைடு. கொட்டலசும் சிப்பியும் ஒட்டாமலிருக்க அது தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருக்கும். காக்கா ஆழி என்கிற மட்டி மண்டிக் கிடக்கும் எண்ணூர் கழிமுகத்திலேயே கட்டிக் கிடக்கும் படகுக்கு அதில் அர்த்தம் உண்டு. ஏரியின் நல்ல தண்ணீரில் கொட்டலசு வளராது, பாசிதான் வரும். படகைக் கரையேற்றிய கையோடு, ஈரம் காய்வதற்குள் நாரால் தேய்த்தால் பாசி போய்விடும். காயவிட்டால்தான் பிடித்துக்கொள்ளும். மீன் குஞ்சுக்குத் தாமிரம் விஷம். குஞ்சு விடப் போகிற ஏரியில், ஊர் மாடு குடிக்கிற தண்ணீரில், அதை ஏன் கரைக்க வேண்டும்? (படகு அலுமினியமாக இருந்தால் இன்னும் மோசம், தாமிரம் தகட்டையே அரித்துவிடும்.)

ஏரியில் உங்கள் படகுக்கு உண்மையான எதிரி தண்ணீர்தான். உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீர் பைபருக்குள் சீக்கிரம் ஊறும். ஊறினால் மேல்பூச்சுக்கு அடியில் கொப்புளம் கிளம்பும். படகைக் கவிழ்த்துப் போட்டு, வெயில் சாய்வாக விழும் நேரத்தில் அடிப்பாகத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். சின்னச் சின்ன மேடாகத் தெரிந்தால் ஒன்றைக் குத்திப் பாருங்கள். பிசுபிசுப்பான நீர் பீச்சி வரும், காடி வாசனை அடிக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு குத்துங்கள், அழுத்தத்தில் கண்ணில் தெறிக்கும்.

சுத்தம் செய்வதில் வரிசை முக்கியம். முதலில் எண்ணெய், பிறகுதான் உப்புத்தாள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு பரவியபோது அந்தப் படகு எண்ணூரில் இருந்திருந்தால் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். எண்ணெய் இருக்கும்போதே தேய்த்தால் அது கீறல்களுக்குள் இறங்கிவிடும், மேலே எந்த பெயின்ட்டும் நிற்காது. சோப்புப் போட்டுக் கழுவி, தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அது காய்வதற்குள் வேறொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். அப்புறம் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் விரிந்து படிந்தால் சரி, முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது.

பழைய சிவப்பு பெயின்ட்டை உலர்வாகத் தேய்க்கவே கூடாது, அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகமூடி போட்டுக்கொண்டு, தண்ணீர் தொட்டு 80-ம் நம்பர் தாளால் தேய்த்து, 120-ல் முடியுங்கள். கீழே தார்ப்பாய் விரித்து, வழிகிற சேற்றைச் சேர்த்து அள்ளுங்கள். ஏரிக்கரையிலோ கால்வாய் ஓரத்திலோ இந்த வேலை வேண்டாம்.

அடுத்து காயவைப்பது. பலரும் அவசரப்படுவது இங்கேதான். கொப்புளங்களைத் திறந்து, உள்ளே நல்ல தண்ணீரால் கழுவி, வாரக்கணக்கில் ஆறப்போட வேண்டும். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் நீர் கோத்திருந்தால் இன்னும் காயவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இதைத் தொடவே வேண்டாம், மாசிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ந்தபின் கொப்புளக் குழிகளை எபாக்ஸி (இரண்டு பாகமாக வரும், கலந்தால் இறுகும் பிசின்) பட்டியால் அடையுங்கள். கார் பட்டி தண்ணீரை உறிஞ்சும், வேண்டாம். கரையில் இழுபடும் நடுத்தண்டுக்கு மட்டும் எபாக்ஸியில் பைபர் துணி ஒரு பட்டை ஒட்டிவிடுங்கள். பிறகு ஹார்ட்னர் கலந்து அடிக்கும் எபாக்ஸி பிரைமரை ரோலரால் மெல்லிசாக நாலைந்து கோட். ஒன்று சாம்பல், ஒன்று வெள்ளை என்று மாற்றி அடித்தால் விட்டுப்போன இடம் பளிச்சென்று தெரியும். கட்டைவிரல் வைத்தால் தடம் விழ வேண்டும், பெயின்ட் விரலில் ஒட்டக் கூடாது. அடுத்த கோட்டுக்கு அதுதான் பதம். இரவு முழுக்க விட்டுவிட்டால் மேலே மெழுகு மாதிரி படியும், தண்ணீரில் தேய்த்துக் கழுவி, லேசாகத் தாள் போட்டுவிட்டுத்தான் தொடர வேண்டும்.

நம் வடசென்னையில் மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று உப்பைக் கொண்டுவரும். அத்திப்பட்டு, எண்ணூர் பக்கம் என்றால் அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்ந்து விழும். அதனால் காலையில் பனி ஈரம் காய்ந்தபின் தொடங்கி உச்சி வெயிலுக்கு முன் முடித்துவிடுங்கள். முந்தின நாள் கோட்டின்மேல் உப்பு படிந்திருக்கும், அதையும் கழுவிவிடுங்கள். கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து அகலத் தட்டில் ஊற்றுங்கள். டப்பாவில் மொத்தமாக விட்டால் சூடேறி இறுகிவிடும்.

எபாக்ஸி வெயிலில் வெளுத்து மாவாக உதிரும். அதனால் தண்ணீருக்கு மேலே தெரியும் பக்கவாட்டில் இரண்டு கோட் பாலியூரித்தேன் அடியுங்கள். தண்ணீருக்குள் இருக்கும் அடிப்பாகத்துக்கு, மூழ்கியிருக்கலாம் என்று டப்பாவில் போட்டிருந்தால் மட்டும். கதவு, ஜன்னலுக்கு அடிக்கும் சாதா எனாமல் தண்ணீருக்கடியில் ஊறி உரியும். கடைசிக் கோட்டுக்குப் பிறகு ஒரு வாரமாவது நிழலில் விட்டுவிட்டு இறக்குங்கள். டப்பாவில் அதைவிட அதிக நாள் போட்டிருந்தால் அந்தக் கணக்குதான்.