இறந்தவரின் நரம்பை வாங்கி அப்பாவுக்கு பைபாஸ் செய்யலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது, சர்க்கரை உண்டு. ஆஞ்சியோவில் மூன்று அடைப்பு, பைபாஸ் செய்யச் சொல்லிவிட்டார்கள். இரண்டு காலிலும் நரம்புச் சுருட்டலுக்கு ஏற்கெனவே ஆபரேஷன் ஆகியிருப்பதால் 'ஒட்ட நரம்பு இல்லை' என்கிறார்கள். இறந்தவர்களிடம் எடுத்துப் பதப்படுத்திய நரம்பை 4 லட்சத்துக்கு வாங்கித் தருவதாக ஆஸ்பத்திரி கேண்டீனில் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். நீங்கள் நரம்பு என்பது நாங்கள் சிரை என்பது, கெட்ட ரத்தம் ஓடும் குழாய். அதை உறைநிலைக்கு வெகு கீழே, திரவ நைட்ரஜனில் வைத்துக் காப்பது உண்மைதான். ஆனால் உறைந்து உருகும்போது குழாயின் உள்தோல் கெடுகிறது. போதாததற்கு, உடம்பு அதை அந்நியப் பொருளாக நினைத்து எதிர்க்கிறது. இதயத்தில் ஒட்டிப் பார்த்தவர்களின் அனுபவத்தில், ஓராண்டுக்குள்ளேயே பெருமளவு அடைத்துக்கொண்டன. 'தானமாக வந்த இதய வால்வை மட்டும் வைக்கிறார்களே' என்பார் உங்கள் கேண்டீன்காரர். வால்வு கட்டைவிரல் பருமனுள்ள வாசல். இது பேனா ரீஃபில் பருமனுள்ள குழாய். ஒன்றில் ஓடும் வேகம் மற்றதில் இல்லை.

2011 திருத்தத்துக்குப் பின் உறுப்பு மாற்றுச் சட்டத்தில் திசுக்களும் சேர்ந்துவிட்டன. காசுக்கு விற்பவர், வாங்குபவர், இடையில் கைமாற்றி விடுபவர் மூவருமே மாட்டுவார்கள். பதிவு பெற்ற திசு வங்கி சர்ஜனோடு பேசும், நோயாளியின் மகனைத் தேடி கேண்டீனுக்கு வராது. அப்பாவின் ஆஞ்சியோ முடிவு அந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தீர்களா? வார்டில் இருந்துதான் போயிருக்கும். இதைக் கண்டுகொள்ளாத நிர்வாகங்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

சரி, வேறு வழி? மார்பெலும்புக்குப் பின்னால் இடமும் வலமுமாக இரண்டு தமனிகள், அதாவது நல்ல ரத்தக் குழாய்கள், ஓடுகின்றன. இடது பக்கத்துக் குழாய், இதயத்தின் முன்பக்க அடைப்புக்கு ஒட்டினால், பத்தாண்டு கழித்தும் பத்துக்கு ஒன்பது திறந்தே இருக்கும். கால் சிரை அதற்குப் பக்கத்தில்கூட வராது. மார்புத் தமனி இரண்டையும் எடுத்தால் சர்க்கரைக்காரர்களுக்கு மார்புப் புண் ஆறத் தாமதமாகலாம். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள்.

அடுத்தது முன்கைத் தமனி. மணிக்கட்டில் இரண்டு குழாய்களையும் அழுத்திப் பிடித்து, முஷ்டியை மூடித் திறக்கச் சொல்வோம். வெளுத்த உள்ளங்கை, சுண்டுவிரல் பக்கத்தை மட்டும் விட்டதும் சில நொடிகளில் சிவந்தால் கட்டைவிரல் பக்கக் குழாயை எடுக்கலாம். ஆனால் ஒன்று: ஆஞ்சியோ எந்தக் கை வழியாகச் செய்தார்கள்? அந்தக் கைக் குழாயின் உட்சுவர் காயப்பட்டிருக்கும். அதை ஒட்டினால் சீக்கிரம் அடைக்கும். வலது என்றால் இடது கைக் குழாயை எடுக்கச் சொல்லுங்கள். இடது என்றால் வலது. டிஸ்சார்ஜ் சீட்டில் கை எது என்று எழுதாமலும் இருக்கலாம். தழும்பைப் பார்த்தாவது தெரிந்துகொள்ளுங்கள். இன்றிலிருந்து மற்றக் கையில் ஊசி, டிரிப் வேண்டாம் என்று நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, 'நரம்பு இல்லை' என்பதையும் நம்பிவிடாதீர்கள். லேசரில் சுட்டிருந்தால் பெரும்பாலும் தொடைப் பகுதிதான் போயிருக்கும். முழங்காலுக்குக் கீழே மிச்சம் இருக்கலாம், பின்கெண்டையில் தனியாக இன்னொன்றும் உண்டு. கால், கை இரண்டுக்கும் டாப்ளர் ஸ்கேனில் சிரைகளை அளந்து குறிக்கச் சொல்லுங்கள். இந்த ஸ்கேனைப் படுக்கையிலேயே எடுத்துவிடலாம். அந்த அறிக்கையோடு வேறொரு சர்ஜனிடமும் காட்டுங்கள்.