மேசைமேல் கிடந்த மனு கிடப்பில் போட்ட மனுவா?

கேள்வி: முதுகலை வரலாற்று ஆய்வேட்டுக்காக 1816-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் நாடாளுமன்ற விவாதங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். சொத்து வரியை எதிர்த்து ஊர் ஊராக மனுக்கள் வந்திருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றின் முடிவிலும் ‘மேசைமேல் கிடக்க உத்தரவு’ என்ற ஒரே வரிதான், பதில் எதுவும் இல்லை. எல்லாவற்றையும் சபை ஒதுக்கித் தள்ளிவிட்டது என்று எழுதலாமா? மூல மனுக்கள் எங்கே கிடைக்கும்?

பதில்: அப்படி எழுதிவிடாதீர்கள். ‘கிடக்க’ என்ற சொல்லைப் பார்த்ததும் நமக்குக் கிடப்பில் போட்டதுதான் நினைவுக்கு வரும், ஆனால் அங்கே அதன் பொருள் கிட்டத்தட்ட நேரெதிர். நாடாளுமன்றத்தின் கீழவையான பொதுச்சபை மனுவை ஏற்றுக்கொண்டுவிட்டது, இனி அது சபையின் ஆவணம், உறுப்பினர் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம் என்று அர்த்தம். உண்மையிலேயே தள்ளுபடியான மனுவென்றால் அதைக் கொண்டுவரவோ மேசைமேல் வைக்கவோ சபை மறுத்தது என்று பதிவிலேயே வெளிப்படையாக இருக்கும். 1817-இல் தேர்தல் சீர்திருத்தம் கேட்டு வந்த நூற்றுக்கணக்கான மனுக்களுக்கு அந்தக் கதிதான் நேர்ந்தது, கையால் எழுதாமல் அச்சடித்துக் கொண்டுவந்தார்கள் என்ற காரணத்துக்காக.

பதில் ஏன் இல்லை என்றால், ஒவ்வொரு மனுவுக்கும் பதில் சொல்லும் வழக்கமே அன்று சபைக்கு இல்லை. மனுவின் பலம் வேறு இடத்தில் இருந்தது. ஓர் உறுப்பினர் எழுந்து இன்ன ஊர்க்காரர்களின் மனு என்று சொல்வார். அதை உள்ளே கொண்டுவரலாமா, வாசிக்கலாமா, மேசைமேல் வைக்கலாமா, அச்சிடலாமா என்று ஒவ்வொரு படியும் ஒரு தனித் தீர்மானம், ஒவ்வொன்றின் மீதும் யாரும் பேசலாம். ஒரே ஒரு மனுவை வைத்துக்கொண்டு ஒரு மாலைப் பொழுதையே ஓட்டிவிட முடியும் என்பது இப்போது புரிந்திருக்கும்.

இதை நன்றாகப் பிடித்துக்கொண்டவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஹென்றி புரூம். நீங்கள் சொல்லும் சொத்து வரி பெயருக்குத்தான் சொத்து வரி, உண்மையில் அது வருமான வரி. அன்றைய பிரதமர் பிட் 1799-இல் பிரான்ஸுடனான போர்ச் செலவுக்காகக் கொண்டுவந்தது, 1806 முதல் பவுண்டுக்கு 2 ஷில்லிங், அதாவது 10 சதவீதம். சமாதானம் வந்ததும் முடிந்துவிடும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. 1815-இல் வாட்டர்லூ சண்டையோடு போர் முடிந்த பிறகும் நிதியமைச்சர் வான்சிட்டார்ட் பாதி விகிதத்தில், 5 சதவீதமாக, அதைத் தொடரப் பார்த்ததும் வணிகர்கள் கொதித்துப்போனார்கள். வாக்குத் தவறியது ஒரு கோபம். வரி அதிகாரிகள் தங்கள் கணக்கு வழக்கைத் துருவுகிறார்கள் என்பது அதைவிடப் பெரிய கோபம். சுமார் 400 மனுக்கள் வந்தன, புரூமும் கூட்டாளிகளும் நாள் தவறாமல் எழுந்து அவற்றைச் சமர்ப்பித்துப் பேசிக்கொண்டே இருந்தார்கள். மார்ச் 18 அன்று வாக்கெடுப்பு. வரிக்கு எதிராக 238, ஆதரவாக 201. அரசு தோற்றது, இரண்டே நாளில் பீர் காய்ச்ச உதவும் முளைகட்டிய தானியத்தின் (மால்ட்) மீதான போர்க்கால வரியையும் வான்சிட்டார்ட் கைவிட்டார். ஆக, உங்கள் மனுக்களுக்கான பதில் அவற்றின் கீழே இல்லை, மார்ச் 18-ஆம் தேதிப் பக்கத்தில் இருக்கிறது.

எல்லா மனுவும் மேசையோடு நின்றுவிடாது, சில விசாரணைக் குழுவுக்குப் போகும். 1812-இல் நடுநிலை நாடுகளின் கப்பல் வணிகத்தை முடக்கிய அரசாணைகளை எதிர்த்துத் தொழில் நகரங்கள் அனுப்பிய மனுக்கள் அப்படிப் போனவை. சபையே குழுவாக உட்கார்ந்து உற்பத்தியாளர்களை அழைத்துச் சாட்சியம் கேட்டது. அந்த விசாரணைக்கு வந்துகொண்டிருந்த பிரதமர் பெர்சிவலைத்தான் மே 11 அன்று சபையின் முன்கூடத்தில் ஜான் பெல்லிங்காம் சுட்டுக் கொன்றார். பெல்லிங்காமுக்கும் ஒரு மனு விவகாரம் இருந்தது. ரஷ்யாவில் சிறையில் கிடந்ததற்கு இழப்பீடு கேட்டு அலைந்தவர் அவர், ஆனால் அரசுப் பணம் கேட்கும் மனுவை அரசரின் பரிந்துரை இல்லாமல், நடைமுறையில் அமைச்சர்களின் சம்மதம் இல்லாமல், சபை வாங்காது. அந்தச் சம்மதம் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அரசாணைகள் ஜூனில் விலக்கிக்கொள்ளப்பட்டன. உங்கள் தலைப்புக்கு இது ஓர் அடிக்குறிப்பு அளவுதான், ஆனாலும் விடாதீர்கள்.

சரி, மூல மனுக்கள். பொதுச்சபையின் பழைய ஆவணங்களில் பெரும்பகுதி 1834 அக்டோபர் 16 தீ விபத்தில் சாம்பலாகிவிட்டது. கருவூலத்தில் வரவு குறித்து வைத்திருந்த பழைய கணக்குக் குச்சிகளை உலையில் போட்டு எரித்தபோது பற்றிய தீ அது. வரிக் கணக்கே வரி மனுக்களை எரித்தது என்று சொன்னால் கொஞ்சம் மிகையாக இருக்கும், ஆனால் சொல்லத் தோன்றுகிறது. அதனால் காகிதத்தைத் தேடி அலையாமல் சபையின் அன்றாட நடவடிக்கைக் குறிப்பான பொதுச்சபை ஜர்னலின் 71-ஆவது தொகுதியை எடுங்கள். பல மனுக்களின் சாரமும், யார் கொடுத்தது, என்ன வேண்டியது என்ற விவரமும் அதில் இருக்கும். கடைசியில் உள்ள பொருளடைவில் (இண்டெக்ஸ்) ‘வருமான வரி’ என்று தேடினால் ஏமாந்துபோவீர்கள், ‘பிராப்பர்ட்டி டாக்ஸ்’ என்ற தலைப்பிலும் ஊர்ப் பெயரிலும் தேடுங்கள். பேச்சுகளுக்கு, நாடாளுமன்ற விவாதத் தொகுப்பான ஹன்சார்ட் முதல் வரிசையின் 33-ஆவது தொகுதி. அன்றைய ஹன்சார்ட் சொல்லுக்குச் சொல் எழுதியதல்ல, பெரும்பாலும் செய்தித்தாள்களிலிருந்து தொகுத்தது, எனவே ‘புரூம் இப்படித்தான் சொன்னார்’ என்று மேற்கோள் குறிக்குள் போடும்முன் ஒன்றிரண்டு செய்தித்தாள்களோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. மனு அனுப்பிய ஊரின் உறுப்பினர் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்றும் பாருங்கள், ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமே அதிலிருந்து கிடைக்கலாம். சபை தானே வாக்குப் பட்டியல் வெளியிட ஆரம்பித்தது 1836-இல்தான். அதற்கு முந்தைய பட்டியல்கள் உறுப்பினர்களும் பத்திரிகைகளும் திரட்டியவை, பெயர் விடுபட்டிருக்கலாம். ஆகவே ஒருவர் பெயர் பட்டியலில் இல்லை என்பதை மட்டும் வைத்து அவர் வரவில்லை என்று எழுதிவிடாதீர்கள்.