வாய்ப்பேச்சில் முடித்த பேரம் ஒப்பந்தமாகுமா?

கடலூர் துறைமுகத்தில் பழைய படகு எஞ்சினுக்கு வாயாலேயே விலை பேசி 10,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறீர்கள். எழுத்தில் எதுவும் இல்லை, செல்லுமா என்கிறீர்கள். செல்லும். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் எல்லாவற்றுக்கும் பத்திரம் கேட்பதில்லை.

“நாற்பதாயிரத்துக்குக் கொடுங்கண்ணே” என்று நீங்கள் கேட்டது முன்மொழிவு. விற்பவர் “சரி, எடுத்துக்கோ” என்றால் ஏற்பு. “நாற்பத்தஞ்சு குடு” என்றிருந்தால் அது ஏற்பே அல்ல, எதிர் முன்மொழிவு. உங்கள் நாற்பதாயிரம் முன்மொழிவு அத்தோடு ரத்தாகிவிடும். பலரும் தடுமாறுவது இங்கேதான். எஞ்சினுக்குப் பணம், பணத்துக்கு எஞ்சின்: இப்படி ஒன்றுக்கு ஈடாக மற்றொன்று தருவதுதான் மறுபயன், ஒப்பந்தத்துக்கு இதுவும் வேண்டும்.

இருவருக்கும் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். மிரட்டலோ ஏமாற்றோ கூடாது.

தகராறு வந்தால் நிரூபிப்பதுதான் பாடு. மீதிப் பணத்தை ஜிபேயில் அனுப்புங்கள். பேசிய விலையை இன்றே வாட்ஸ்அப்பில் எழுதி, அவரிடம் “சரி” என்று பதில் வாங்கிவிடுங்கள்.