மகள் தத்துவம் படிக்கப் போகிறாளாம்!

கேள்வி: எனக்குக் கும்பகோணத்தில் பாத்திரக் கடை. பிளஸ் டூவில் வணிகவியல் படித்து நல்ல மதிப்பெண் வாங்கிய மகள், பி.ஏ. தத்துவம்தான் சேருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். எதிர் வீட்டுப் பையன் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்கிறான். என்ன சொல்லித் தடுப்பது?
- வாசகர், கும்பகோணம்

பதில்: அதே தெருவில் சும்மா இருக்கும் பொறியாளர்களையும் எண்ணிவிட்டீர்களா ஐயா?

நான் தத்துவத்தில் எம்.ஏ. முடித்து 32 ஆண்டுகள் வங்கியில் குப்பை கொட்டியவன். பெரும்பாலும் கடன் பிரிவு. ஒருமுறை ஜவுளிக் கடைக்காரர் ஒருவருக்குப் பரிந்துரைக் குறிப்பு வந்தது: 'மூன்று தலைமுறையாகக் கடை நடத்துகிறார், ஆகவே ஒழுங்காகக் கட்டுவார்.' எனக்கு மணிமேகலை நினைவுக்கு வந்தது. பௌத்தத் துறவி அறவண அடிகள் அவளுக்குச் சொல்லும் அளவை, அதாவது காரணம் காட்டி ஒன்றை நிறுவும் முறை, அது. மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று). புகை தெரிவதால் என்பது ஏது (காரணம்). அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம் (எடுத்துக்காட்டு). நெருப்பில்லாமல் புகையாது, எனவே அந்த ஏது நிற்கும். 'மூன்று தலைமுறை' நிற்குமா? எங்கள் வாராக்கடன் பேரேட்டிலேயே அப்படிப்பட்ட கடைகள் நாலைந்து இருந்தன. கட்டுகிறவரிடமும் கட்டாதவரிடமும் ஒருசேரக் காணப்படும் காரணத்துக்கு, மணிமேகலை எழுதிய சாத்தனார் பெயரே தந்திருக்கிறார்: அநைகாந்திகம். அதைக் குறிப்பின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன். மேலாளர் கூப்பிட்டு, "இது என்ன, லேகியமா?" என்றார். விளக்கியதும் மூன்று ஆண்டு விற்பனைக் கணக்கைக் கேட்டு வாங்கினார். கேட்ட தொகையில் பாதிதான் கொடுத்தோம்.

பட்டத்தைக் காட்டியதும் வேலை கிடைத்துவிடாது. சட்டம் படிக்கப் போனால் கைகொடுக்கும். குடிமைப் பணித் தேர்வில் விருப்பப் பாடமாக எடுக்கலாம். இரண்டு தாள், தலா 250 மதிப்பெண். ராதாகிருஷ்ணன் தத்துவம் எடுத்ததே, உறவினர் ஒருவரின் பழைய பாடநூல்கள் சும்மா கிடைத்ததால்தான். 1909-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியராகிவிட்டார். இந்தக் கதையை மகளிடம் சொல்லிவைக்காதீர்கள். எல்லோருக்கும் ராஷ்டிரபதி பவன் கிடைக்காது.

என் கவலை வேறு. கேள்வி கேட்டே காலத்தை ஓட்டிய சாக்ரடீஸைப் பற்றி, நாங்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் ஆறு பக்கம் எழுதி மனப்பாடம் செய்தோம். ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதுவதுதான் முதல் ஆண்டு முழுவதும் வகுப்பு. அப்படிப்பட்ட இடத்தில் உங்கள் மகள் சேர்ந்தால் மூன்று ஆண்டும் வீண்தான்.

ஆகவே சேருமுன் அந்தக் கல்லூரியின் பழைய வினாத்தாள்களை வாங்கிவரச் சொல்லுங்கள். 'குறிப்பு வரைக' என்றே பக்கம் நிரம்பியிருந்தால் வேறு கல்லூரி பாருங்கள். 'மறுத்து எழுதுக', 'உன் கருத்து என்ன' என்று நாலு இடத்திலாவது இருந்தால் பணத்தைக் கட்டிவிடுங்கள். எதிர் வீட்டுப் பையனிடமும் அவன் வினாத்தாளைக் கேட்டுப் பாருங்களேன்.